கீரியும் பாம்பும் ஒரே கம்பியில்

பகைக்கு உவமை சொல்ல வேண்டுமானால் எலியும் பூனையும் என்போம். கீரியும் பாம்பும் என்போம். பௌதிக உலகிலும் அப்படிப்பட்ட இரு பகைவர் உண்டு. ஒருவர், சிறு வயது முதல் நமக்குப் பழக்கமான காந்தம். மற்றவர், கடுங்குளிரில் மின்சாரத்தைச் சிறிதும் தடையின்றிக் கடத்தும் மீக்கடத்தி. காந்தம் வலுத்தால் மீக்கடத்தி தன் தன்மையை இழந்துவிடும். விஞ்ஞானிகள் நெடுங்காலமாக அறிந்த உண்மை இது.

ஆயினும் 2010 ஆம் ஆண்டிலிருந்து உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இவ்விரு பகைவரையும் தலைமயிரைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய கம்பியில் ஒன்றாகக் குடிவைக்கும் முயற்சி நடந்து வருகிறது. எதற்காக? எளிதில் கலைந்துபோகாத நினைவைக் கொண்ட புதுவகைக் கணிப்பொறி ஒன்றை அமைக்கலாம் என்ற ஆசையினால்! அந்த ஆசை எப்படிப் பிறந்தது, எதுவரை நிறைவேறியது, அதில் நாம் கற்க வேண்டிய பாடம் என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தடையற்ற ஓட்டம்

சுரண்டை, ஆய்க்குடிப் பக்கம் போகும்போதெல்லாம் காற்றாலைகள் சுழல்வதைப் பார்க்கிறோம். அங்கே பிறக்கும் மின்சாரம் கம்பி வழியே வரும்போது ஒரு பகுதி வெப்பமாக மாறி வீணாகிறது. குற்றாலத்தில் பிறந்து தென்காசி வழியே ஓடும் சிற்றாற்றின் நீர், பாறைகளில் மோதி மோதித் தன் வேகத்தை இழப்பதைப் போல, கம்பியில் ஓடும் எலக்ட்ரான்களும் அதிர்ந்துகொண்டிருக்கும் அணுக்களின் மீது மோதித் தம் ஆற்றலை இழக்கின்றன. இதையே மின்தடை என்கிறோம்.

1911 ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் என்பவர் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தார். அப்போது அதன் மின்தடை திடீரென மறைந்தது! குறைந்தது என்பதல்ல, மறைந்தே போயிற்று. காரீயத்திற்கும் இந்தக் குணம் உண்டு. அதற்கு மைனஸ் 266 டிகிரி வேண்டும். சாரல் காலத்தில் பேரருவியில் நனைந்துவிட்டுப் பல் கிடுகிடுக்க நிற்கிறோமே, அந்தக் குளிரெல்லாம் இதற்கு முன் கொதிக்கும் உலை என்றே சொல்லலாம்.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்ட விந்தை அன்று. மருத்துவமனைகளில் 'எம்.ஆர்.ஐ. ஸ்கேன்' எடுக்கும் பெரிய வளையத்திற்குள் பெரும்பாலும் திரவ ஹீலியத்தில் அமிழ்ந்த மீக்கடத்திக் கம்பிச் சுருளே இருக்கிறது.

இரண்டிரண்டாகச் சேரும் எலக்ட்ரான்கள்

மின்தடை ஏன் மறைகிறது? இதற்கு விடை காண நாற்பத்தாறு ஆண்டுகள் பிடித்தன. 1957 இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்ற மூன்று அமெரிக்கர்கள் விளக்கம் தந்தனர். கடுங்குளிரில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஜோடிகளாகின்றன. ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு சிறு பம்பரம் போன்றது. அதற்குத் தற்சுழற்சி என்று ஒன்று உண்டு. சாதாரண மீக்கடத்தியில் ஒரு பம்பரம் மேல்நோக்கியும் அதன் ஜோடி கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த ஜோடிகள் அனைத்தும் ஒரே கூட்டமாக, ஒரே தாளத்தில் நகர்கின்றன. தனி ஒருவரைத் தடுமாற வைக்கும் சிறு கல், கைகோத்துச் செல்லும் பெருங்கூட்டத்தை நிறுத்த முடிவதில்லை.

பகையின் காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. காந்தம் என்பது என்ன? பம்பரங்கள் எல்லாம் ஒரே திசையை நோக்கி அணிவகுத்து நிற்பதே காந்தம். காலை வணக்கக் கூட்டத்தில் நாம் அனைவரும் கொடிமரத்தை நோக்கி நிற்கிறோம் அல்லவா, அதைப் போன்றது. அடுத்தடுத்து நிற்பவர் எதிரெதிர்த் திசை பார்த்து நிற்பதும் உண்டு. ஒவ்வொருவரும் முன்னவரைவிடச் சற்றே திரும்பி நின்று, வரிசை முழுவதும் திருகுபோல் அமைவதும் உண்டு. இவற்றைக் காந்த ஒழுங்கு என்பர். 'எல்லோரும் ஒரே திசையைப் பாருங்கள்' என்று காந்தம் கட்டளையிடுகிறது. 'ஜோடியில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே' என்று மீக்கடத்தி வேண்டுகிறது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

காந்த இயலில் உலகப் புகழ் பெற்ற ஒருவர் நம் மலையடிவாரத்தைச் சேர்ந்தவர் என்பதை நாம் பெருமையோடு நினைக்க வேண்டும். தென்காசியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை இடப்பக்கம் வைத்து வடக்கே சென்றால், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பால் வத்திராயிருப்பு வரும். சர் கே. எஸ். கிருஷ்ணன் 1898 இல் அவ்வூரில் பிறந்தார். 1928 இல் சர் சி. வி. இராமனுடன் ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். பிறகு டாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தக் குணத்தை ஆராய்ந்தார். மெல்லிய இழையில் சிறு படிகத்தைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தே, அதன் உள்ளமைப்பைப் பற்றிய உண்மைகளை வெளிக்கொணர்ந்தார். புதுதில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரும் அவரே. எளிய கருவி, கூர்ந்த நோக்கு, பொறுமை ஆகிய மூன்றுமே அவருடைய செல்வம்.

வளையலும் வடையும்

இனி, கணிதத்தின் ஒரு கிளையைச் சற்று எட்டிப் பார்ப்போம். அதற்கு இடத்தியல் என்று பெயர். டோப்பாலஜி என்றும் சொல்வர். வளையலும் உளுந்து வடையும் இடத்தியல் அறிஞருக்கு ஒன்றே! இரண்டிலும் ஒரே ஒரு துளை. களிமண்ணால் வடை செய்து, பிய்க்காமலும் ஒட்டாமலும் இழுத்து இழுத்து அதை வளையலாக்கிவிடலாம். ஆனால் லட்டை அப்படி வளையலாக்க முடியாது. துளை போட்டே ஆகவேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. துளையின் எண்ணிக்கை முழு எண். ஒன்று உண்டு, இரண்டு உண்டு. ஒன்றே கால் துளை என்பது இல்லை. ஆகையால் அது சிறிது சிறிதாக மாற முடியாது. ஐந்தருவியில் நீர் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கிளைகள் ஐந்தே. பெருவெள்ளம் வந்து எல்லாக் கிளைகளும் ஒன்றாய்க் கலந்தால்தான் கணக்கு மாறும். பொருள்களின் உள்ளே எலக்ட்ரான்களின் அமைப்பிலும் இத்தகைய முழு எண் ஒன்று ஒளிந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கண்டனர். சிறு அழுக்கும் சிறு கீறலும் அந்த எண்ணை மாற்றா. இதுவே இடத்தியல் நிலை எனப்படுவது.

கூப்பிய கையும் கோத்த கையும்

2001 ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டு அறிஞர் அலெக்ஸி கிட்டாயெவ், ஒரே வரிசையாக அமைந்த மீக்கடத்திக் கம்பியைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார். அதன் கருத்தை நம் மாணவியரைக் கொண்டே விளக்கலாம்.

இருபது மாணவியர் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாணவியும் ஓர் எலக்ட்ரான் அமரும் இடம்; அவளுடைய இரு கைகளும் அதன் இரு பாதிகள். முதல் முறையில் ஒவ்வொருத்தியும் தன் கைகளைத் தானே கூப்பிக்கொள்கிறாள். எந்தக் கையும் தனித்து மிஞ்சவில்லை. இது சாதாரண நிலை.

இரண்டாம் முறையில் ஒவ்வொருத்தியும் தன் பக்கத்தில் நிற்பவளின் கையைப் பற்றிக்கொள்கிறாள். இப்போது என்ன ஆகிறது? நடுவில் உள்ள கைகளெல்லாம் கோத்துவிட்டன. வரிசையின் ஒரு கோடியில் ஒரு கையும், மறு கோடியில் ஒரு கையும் மட்டும் தனித்து நிற்கின்றன! இருபது பேருக்குப் பதில் இருநூறு பேர் நின்றாலும் மிஞ்சுவது இரண்டே கைகள். நடுவில் ஒருத்தி தும்மினாலும், ஒருத்தி சற்றுச் சாய்ந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. வரிசையை இரண்டாக வெட்டினாலோ, வெட்டிய இடத்தில் மேலும் இரண்டு கைகள் தனித்துத் தோன்றும். முனை என்று ஒன்று இருந்தால் அங்கே ஒரு தனிக் கை இருந்தே தீரும்.

இந்தத் தனிக் கைகளுக்கு மயோரானா நிலைகள் என்று பெயர். இத்தாலியரான எத்தோரே மயோரானா 1937 இல், தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கக்கூடிய ஒரு துகளைப் பற்றிக் கணித முறையில் எழுதினார். மறு ஆண்டே கடல் பயணம் ஒன்றில் அவர் மறைந்துபோனார். என்ன ஆனார் என்பது புதிராகவே நின்றுவிட்டது. கம்பியின் முனையில் தோன்றும் பாதி எலக்ட்ரானும் அதே குணம் கொண்டது என்பதால் அவர் பெயரை அதற்குச் சூட்டினர்.

இதனால் பயன் என்ன? இரு கோடிகளிலும் உள்ள இரண்டு பாதிகளும் சேர்ந்தே ஓர் இருக்கை. அந்த இருக்கை நிரம்பியதா, காலியா என்பதே அங்கே எழுதிவைத்த செய்தி. ஒரு கோடியை மட்டும் தொட்டுப் பார்ப்பவருக்கு அச்செய்தி தெரியாது; ஒரு கோடியில் மட்டும் ஏற்படும் சிறு சேதம் அதை அழிக்கவும் முடியாது. ஒரு கடிதத்தை இரண்டாகக் கிழித்து இரண்டு வீடுகளில் வைத்ததைப் போன்றது இது. இன்றைய குவாண்டம் கணிப்பொறிகளின் பெருந்துன்பம், அவற்றின் நினைவு மிக விரைவில் கலைந்துபோவதே. அதற்கு மருந்தாக இந்த நிலைகள் அமையலாம் என்பதே விஞ்ஞானிகளின் எதிர்பார்ப்பு.

கணக்குப் போடும் விதமும் புதுமையானது. அந்த முனைகளை ஒன்றையொன்று சுற்றி இடம் மாற்றினால், சடை பின்னுவது போலாகும். சடையைத் தளர்த்திப் பின்னினாலும் இறுக்கிப் பின்னினாலும் எந்தக் கால் எதன்மேல் சென்றது என்பதே பின்னலின் வகையைத் தீர்மானிக்கிறது. அதுபோல் கை சற்று நடுங்கினாலும் விடை தவறாது.

பகைவரைச் சேர்த்த விதம்

கிட்டாயெவ் கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்தில் நிற்பவளின் கையைப் பற்ற வேண்டுமானால், ஒரே திசையில் சுழலும் எலக்ட்ரான்கள் ஜோடி சேர வேண்டும். சாதாரண மீக்கடத்தியோ எதிரெதிர்த் திசையில் சுழல்வனவற்றையே சேர்த்து வைக்கிறது. ஒரே திசையில் நிறுத்தவல்லது காந்தம். ஆனால் அது ஜோடியையே பிரித்துவிடுகிறது. பகைவர் இருவரும் வேண்டும், ஒருவரை ஒருவர் கொல்லவும் கூடாது!

காந்தத்தின் திசை இடத்திற்கு இடம் சற்றே திரும்பிக்கொண்டு போனால் வழி பிறக்கிறது. 'ஒரே திசை' என்று இங்கே சொல்வதும் அடுத்த இடத்தில் சொல்வதும் முற்றிலும் ஒன்றாக இராது. அந்தச் சிறு வேற்றுமையில், எதிர்த்திசை வேண்டும் என்ற மீக்கடத்தியின் வேண்டுகோளும் ஓரளவு நிறைவேறிவிடுகிறது. திருகுபோல் அமைந்த காந்த ஒழுங்கு இதைச் செய்யும். ஓடும்போது எலக்ட்ரானின் சுழற்சித் திசையைத் திருப்பிவிடும் இயல்புள்ள பொருள்களும் இதைச் செய்யும்.

2010 இல் இரண்டு குழுவினர் தனித்தனியே இதற்கான செய்முறையை வகுத்தனர். அவற்றுள் ஒன்று, கல்கத்தாவில் பயின்று அமெரிக்காவின் மேரிலாந்தில் பணிபுரியும் சங்கர் தாஸ் சர்மாவின் குழு. குறைக்கடத்தியாலான நானோ கம்பி, அதை ஒட்டிய மீக்கடத்தி, வெளியிலிருந்து காந்தப் புலம் ஆகிய மூன்றுமே போதும் என்றனர். 2012 இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் இண்டியம் ஆண்டிமனைடு கம்பியில் இதைச் செய்து பார்த்தபோது, எதிர்பார்த்த அடையாளம் ஒன்று தெரிந்தது. மின்னழுத்தம் சுழியாக இருக்கும் இடத்தில், வரைபடத்தில் ஒரு சிறு மேடு!

வெளிக்காந்தம் பலமானால் மீக்கடத்திக்கு ஆபத்து. ஆகவே காந்தத்தைக் கம்பியிலேயே வைத்தால் என்ன என்று சிலர் எண்ணினர். 2014 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலி யாஸ்தானி குழுவினர், மீக்கடத்தியான காரீயத்தின் மீது இரும்பு அணுக்களைச் சங்கிலியாகப் படியவைத்தனர். கூரிய ஊசிமுனையால் அணு அணுவாகத் துழாவிப் பார்த்தபோது, அந்த அடையாளம் சங்கிலியின் முனையில் மட்டும் தெரிந்தது. 2021 இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள், அறுகோண வடிவான இண்டியம் ஆர்சனைடு கம்பியின் சில முகங்களில் மீக்கடத்தியான அலுமினியத்தையும், சில முகங்களில் காந்தப் பொருளான யூரோப்பியம் சல்ஃபைடையும் பூசி, வெளிக்காந்தம் இல்லாமலேயே அத்தகைய மேட்டைக் கண்டதாக அறிவித்தனர். இரண்டு பூச்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த கம்பிகளில் மட்டுமே அது தெரிந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பகைவர் நெருங்கிய இடத்தில்தான் புதுமை பிறந்தது!

மின்னுவதெல்லாம் பொன்னா?

இத்துடன் கதை முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் விஞ்ஞானத்தில் அடையாளம் வேறு, நிரூபணம் வேறு.

கம்பியில் சிறு குறை இருந்தாலும், சாதாரண எலக்ட்ரான் நிலைகளே ஏறத்தாழ அதே இடத்தில் அதே போன்ற மேட்டை உண்டாக்கக்கூடும் என்று தெரியவந்தது. பித்தளையும் மஞ்சளாகத்தான் மின்னுகிறது. உரைகல்லில் தேய்த்தால்தானே பொன் எது என்று தெரியும்? 2018 இல் டெல்ஃப்ட் குழுவினர் 'நேச்சர்' இதழில், அந்த மேடு கணக்குச் சொன்ன உயரத்தைச் சரியாக எட்டிவிட்டது என்று வெளியிட்டனர். உலகமே வியந்தது. ஆனால் செர்கேய் ஃப்ரோலோவ், வின்சென்ட் மூரிக் என்ற இரு விஞ்ஞானிகள் மூல அளவீடுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தனர். முடிவோடு பொருந்தாத சில அளவீடுகள் கட்டுரையில் விடப்பட்டிருந்தன. 2021 மார்ச் மாதத்தில் அக்கட்டுரையை அதன் ஆசிரியர்களே திரும்பப் பெற்றுக்கொண்டனர். வேண்டுமென்றே பொய் புனைந்ததற்குச் சான்றில்லை என்றும், கண்டுபிடிப்பின் உற்சாகத்தில் தம்மை மறந்திருக்கலாம் என்றும் ஆராய்ந்த நிபுணர்கள் கருதினர்.

இதில் நம் மனத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. கேள்வி எழுப்பிய மூரிக் யார்? 2012 இல் முதன்முதலில் அந்த மேட்டைக் கண்டு எழுதிய கட்டுரையின் முதல் ஆசிரியர் அவரே! தம் பெயருக்குப் புகழ் தேடித் தந்த கருத்தையே ஐயத்தோடு பரிசோதிக்க முன்வந்தாரே, அந்த நேர்மையை என்னென்பது!

2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இவ்வகை நிலைகளின் அடிப்படையில் ஒரு சில்லை உருவாக்கியதாக அறிவித்தது. அதே நாளில் வெளியான கட்டுரையின் மதிப்பீட்டுக் கோப்பில், இம்முடிவுகள் மயோரானா நிலைகள் இருப்பதற்கான சான்றாகமாட்டா என்று இதழாசிரியர்கள் குறித்திருந்தனர். விவாதம் எழுந்தது. கம்பியின் முனைகளைச் சடைபோல் பின்னிக் காட்டுவதே ஐயத்தைத் தீர்க்கும் உரைகல் என்று பலர் கருதுகின்றனர்.

இதற்கிடையே வேறொரு வழியையும் தேர்ந்துள்ளனர். பெரிய வரிசையை ஒரேயடியாக அமைப்பதற்குப் பதில் இரண்டே இடங்கள் கொண்ட வரிசையை முதலில் அமைப்போம் என்று தொடங்கி, 2023 இல் டெல்ஃப்ட் நகரிலேயே அதைச் செய்து காட்டினர். இரண்டு மாணவியர் மட்டும் கைகோத்து நிற்கும் சிறு வரிசை அது. அதற்கு நீண்ட வரிசையின் உறுதி இல்லை. ஆனால் ஒவ்வொரு கையையும் நாமே கோத்தோம் என்ற தெளிவு இருக்கிறது. சிறுகக் கட்டிப் பெருக வாழும் வழி!

நம் நாட்டின் பங்கு

இத்துறையில் நம்மவரும் முன்னிற்கின்றனர். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் ஜி. பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் ஆகியோர் 2007 இல், கிட்டாயெவ் வகுத்த ஒருவகைக் காந்தத்தில் ஒரு பம்பரத்தின் சுழற்சியே மயோரானாப் பகுதிகளாகப் பிரிவதைத் துல்லியமாகக் கணக்கிட்டனர். அலகாபாத்தில் பல்லாண்டு பணியாற்றிய சுமதி ராவ், இடம் மாறிய விதத்தை நினைவில் வைக்கும் விந்தைத் துகள்களைப் பற்றி 1992 இல் எழுதிய அறிமுகக் கட்டுரை மாணவர்க்கு வழிகாட்டியாக விளங்குகிறது. ஸ்மிதா விஸ்வேஸ்வரா, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் திப்திமான் சென் முதலியோர், கம்பியில் ஒழுங்கீனம் மிகுந்தால் முனை நிலைகள் எதுவரை தாங்கும் என்று 2013 இல் கணக்கிட்டனர். பௌதிகம் பெண்களுக்குக் கடினம் என்று சொல்வோருக்கு இப்பெயர்களே விடை.

முடிவுரை

இருபதாண்டு உழைப்பிற்குப் பிறகும் இக்கேள்வி இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆனால் அதைக் குறையென்று நாம் கருத வேண்டியதில்லை. சோதனைச்சாலையில் நமக்கு வரும் அளவு புத்தகத்தில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், அதை அழித்துவிட்டுச் 'சரியான' விடையை எழுத நம் கை துறுதுறுக்கிறது. அப்போது ஒரு நொடி நிற்போம். பொருந்தாத அளவையும் அப்படியே குறித்து வைப்போம். மற்றவர் கேட்டால் மறைக்காமல் காட்டுவோம். பெற்றோரும் மதிப்பெண்ணோடு நில்லாமல், 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று பிள்ளைகளைக் கேட்டுப் பழக்க வேண்டும்.

கம்பியில் ஒளிந்திருக்கும் பாதி எலக்ட்ரானை நம்மில் ஒருத்தி ஒருநாள் ஐயமறக் காட்டக்கூடும். அதற்கான பயிற்சி, இன்று நம் நோட்டுப் புத்தகத்தில் உண்மையை எழுதுவதிலேயே தொடங்குகிறது.